மழை கட்டியவன் வழக்கு

அந்தப் புத்தகத்தை இப்படிக் கொஞ்சம் காட்டும்மா. அட்டையைப் பார்க்கத்தான். நெனச்சேன். கோட்டை, மேகம், கறுப்புத் துப்பட்டி போத்தின ஆளு. ‘மழை கட்டியவன்’. எழுதினது குணசீலன்னு போட்டிருக்குல்ல? அவன் என் தம்பி. கூடப் பொறந்தவன். அப்படிப் பார்க்காத. பஸ்ல பக்கத்துல உக்கார்ற கெழவியெல்லாம் எழுத்தாளருக்கு அக்கான்னு சொன்னா எப்படி நம்புறதுன்னுதான நெனைக்கிற? பின்னட்டையில அவன் போட்டோ இருக்கு. அந்த மூக்கைப் பாரு, என் மூக்கைப் பாரு. போதுமா?

எதுவரைக்கும் வந்திருக்க? பாதியா. அப்ப அந்தப் பிள்ளை தும்பை, நான் போகணும், கதவைத் திறந்துவிடுன்னு கேட்டுட்டாளா? கேட்டுட்டாளா. சரி, அப்ப நான் சொன்னாலும் கதை கெடாது. நீயும் வேம்பார்லதான் எறங்குறியா? நல்லதாப் போச்சு. இன்னும் வெளாத்திகொளமே வரல.

இந்தக் கொண்டலான் இருக்கானே, இந்த மந்திரவாதி, இவனை எங்க ஊர்ல ஒருக்க கூண்டுல ஏத்தி விசாரிச்சாங்க. வழக்காடு மன்றம்னு மேடை போட்டு, மைக் கட்டி. குற்றவாளியா இல்லையான்னு தீர்ப்புச் சொன்ன நடுவர் யாருன்னு நெனைக்கிற? நான்தான். தங்கபுஷ்பம். பத்தாவதோட நின்ன சேவுக்கடைக்காரி. சாத்தூர்ல வந்து கேட்டுப் பாரு, சொல்லுவாங்க. என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது, ஆனா சொல்லுவாங்க.

கொண்டலான் என்ன தப்புச் செஞ்சான், நீயே சொல்லு. எரிஞ்சுபோன ஊர்ல அநாதையா நின்ன ரெண்டு பிள்ளைகளத் தூக்கிட்டு வந்தான். ஒரு பொட்டைப் பிள்ளை, அது தம்பி. கோட்டைக்குள்ள வெச்சு வளத்தான். தன் கோட்டை ஊருக்குன்னு மழையக் கட்டிவெச்சான். அக்கம்பக்கத்து மேகத்தையெல்லாம் இழுத்துட்டு வந்து இங்க பெய்ய வெச்சான். வெளிய காஞ்சுது, சரி. உள்ள நெல்லு வெளஞ்சுதா இல்லையா? அப்பறம் அந்தப் பிள்ளை வளந்து, எவனோ வெளியூர்க்காரன் கூடப் போகணும்னு நிக்கிறா. கொண்டலான் மாட்டேன்னு சொன்னானா? அடிச்சானா? ‘மழை நிக்கட்டும், போ’ன்னான். அவ்வளவுதான். மழை நிக்கல. அவன் நிக்க விடல. அவ தலை நரைக்குற வரைக்கும் பெஞ்சுது. அதுக்குப் போயி கூண்டுல ஏத்தணும்ங்கறாங்க.

புத்தகத்தைப் படிக்கறதுக்கு முந்தி நான் வாழ்ந்ததைக் கேளு.

எங்க அப்பாவும் அம்மாவும் திருச்செந்தூர் போயிட்டு வர்றப்ப வேன் கவுந்து செத்துப்போனாங்க. எனக்குப் பத்தொம்பது வயசு. தங்கச்சி ராஜகனி பாவாடை கட்டிட்டுத் திரியிற பிள்ளை. குணசீலன் அதுக்கும் சின்னவன், ராத்திரி பாயில மூத்திரம் போறவன். பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சு சாப்பிட்ட கை காயல, எங்க சித்தப்பா நாலு பெரிய மனுஷங்களக் கூட்டிட்டுக் கடைக்குள்ள வந்துட்டாரு. எல்லாம் பேசி முடிச்சிட்டுத்தான் வந்திருக்காங்க. கடை அவருக்காம். ராஜகனி தூத்துக்குடியில அத்தை வீட்டுல கூடமாட வேலை செய்யுமாம். பையனை அநாதை ஆசிரமத்துல சேக்கணுமாம். என்னை ஒரு ரெண்டாந்தாரத்துக்குப் பாத்து வெச்சிருக்காங்களாம், வயசு கொஞ்சம் கூடத்தானாம்.

அடுப்புல எண்ணெய் கொதிச்சுக் கெடந்துது. ஒரு கரண்டி மோந்து அவரு கால் மேல ஊத்தினேன்.

கை தவறியெல்லாம் இல்ல. பாத்துத்தான் ஊத்தினேன். அடுத்த கரண்டி மூஞ்சிக்குன்னு சொன்னேன். இன்னைக்கும் அந்த மனுஷன் பஜார்ல காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாரு. என்னைக் கண்டா அந்தப் பக்கம் போயிருவாரு. பாவம்னு தோணுதா? எனக்குத் தோணல. அன்னைக்கு நான் ஊத்தலன்னா இந்தப் புத்தகம் ஏது? ஆசிரமத்துல கஞ்சி குடிச்சிட்டுக் கெடக்குற பய புத்தகமா எழுதப் போறான்?

அப்படித்தான் வளத்தேன். பொண்ணு கேட்டு வந்தவங்கள வாசல்லயே திருப்பி அனுப்பினேன். ராத்திரி ரெண்டும் படுத்த பெறகு விளக்கை அணைச்சிட்டு, இருட்டுல போயி ரெண்டு பேர் காலையும் தொட்டுப் பாப்பேன். இருக்காங்களான்னு. எதுக்குன்னு கேக்காத, அப்படி ஒரு பழக்கம்.

ராஜகனிக்குக் கைப்பக்குவம். அது சாமி குடுத்தது. சேவுக்கு மாவு பெசையறப்ப பூண்டு எவ்வளவு, மொளகு எவ்வளவுன்னு நான் அளந்து போடுவேன், அவ அள்ளிப் போடுவா. நான் போட்டா சேவு. அவ போட்டா மெட்ராஸ்ல இருந்து வந்து வாங்கிட்டுப் போவாங்க. பள்ளிக்கூடத்தை நிறுத்தி அடுப்புக்கிட்ட உக்கார வெச்சேன். அழுதா. ரெண்டு நாள் அழுதா, பெறகு சரியாப் போச்சு.

அடுப்புக்கிட்ட இருக்கிற பொம்பளையையும் ஒருத்தன் பாத்துட்டான் பாரு. தொபியாஸ்னு பேரு. எங்களுக்கு எண்ணெய் டின் எறக்குற வேனோட டிரைவர். வேம்பார்க்காரன். வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன், கடல்ல பொழைக்கிற சனம். வாரத்துக்கு ஒருக்க வருவான். வர்றப்பெல்லாம் கையில ஒரு பனங்கற்கண்டுப் பொட்டணம். கடைக்கு வர்ற எண்ணெய்க்காரன் எதுக்குக் கற்கண்டு கொண்டு வர்றான்னு நான் யோசிக்கல. எனக்கு இருபத்துநாலு மணி நேரமும் வேலை.

ஒரு நாள் விடிஞ்சு பாத்தா அவளைக் காணோம்.

நான் சத்தம் போடல. ஊரைக் கூட்டல. போலீசுக்குப் போகல. நேரா வேம்பாருக்கு பஸ் ஏறிப் போனேன். இதே பஸ்தான், இதே ரோடுதான். அவனோட அத்தை வீட்டுல இருந்தா. மறுநாள் கோயில்ல வெச்சுக் கல்யாணமாம், புதுச் சேலையெல்லாம் எடுத்து வெச்சிருந்தாங்க. நான் உள்ள போயி உக்காந்து, குடுத்த காப்பியக் குடிச்சேன். பெறகு தன்மையாப் பேசினேன். எனக்கு சம்மதம்தான்ம்மா, ஆனா இப்படித் திருட்டுத்தனமா வேண்டாம், நான் வளத்த பிள்ளைக்கு மேளம் வெச்சுக் கல்யாணம் பண்ணணும்னு ஆசை, தம்பி பன்னெண்டாவது எழுதி முடிக்கட்டும், நானே கூட்டிட்டு வந்து விடுறேன்னேன். தொபியாஸ் என் கால்ல விழுந்தான். அவ என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அவளாத்தான் பையைத் தூக்கிட்டு என் பின்னால வந்தா. ஒரு அடி அடிச்சேனா, ஒரு கெட்ட வார்த்தை சொன்னேனா?

தம்பி பரீட்சை எழுதி முடிச்சான். மழைக்காலம் வந்துச்சு, கடைக் கூரை ஒழுகுது, அதை முடிச்சிட்டுப் பாப்போம்னேன். பெறகு தம்பி காலேஜு. பெறகு தீவாளி ஆர்டர். அவளும் சரி சரின்னா. அந்த ஆளு ஏன் எண்ணெய் எறக்க வர்றதில்லன்னு கேட்டா. வேற டிரைவர் வேணும்னு வேன்காரர்கிட்டச் சொல்லி மாத்தினதே நான்தான். அவகிட்ட என்ன சொன்னேன்னா, ‘அவன் என்கிட்ட வந்து ஒரு தொகையக் கேட்டான், குடுத்தேன், வாங்கிட்டு வெளிநாடு போயிட்டான்’னேன்.

அன்னைக்கு அவ அழல. மாவு பெசஞ்சா. அன்னைக்குச் சேவு ரொம்ப நல்லா இருந்துச்சு, அது எனக்கு ஞாபகம் இருக்கு.

அப்படியே காலம் ஓடிருச்சு. குணசீலன் படிச்சு மதுரையில ஒரு பதிப்பகத்துல வேலைக்குப் போனான். மாசத்துக்கு ஒருக்க வருவான். சின்னக்கா சின்னக்கான்னு அவ கூட அடுப்படியில உக்காந்து பேசுவான். என்கிட்ட வந்து பெரியக்கா நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போவான். அவன் கதை எழுதுறான்னு எனக்குத் தெரியாது.

எங்க ஊர்ல ஆவுடையப்பன் சார்னு ஒருத்தரு, ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியாரு. வாசகர் வட்டம் அவருதான் நடத்துறாரு. அவங்க கூட்டம் போடுற எடத்துக்கு நான் மின்விசிறி வாங்கிக் குடுத்திருக்கேன், அதனால மரியாதை உண்டு. அவருதான் புத்தகத்தைக் கொண்டு வந்து குடுத்தாரு. ‘உங்க தம்பி பேரை வாங்கிட்டாரும்மா’ன்னாரு. கடையில உக்காந்து தெனம் கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சேன்.

எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு கேக்கிறியா? கொண்டலான் ராத்திரி எந்திரிச்சுப் போயி அந்தப் பிள்ளைக காலைத் தொட்டுப் பாப்பான்னு எழுதியிருக்கான் பாரு, அந்த எடத்துல. அந்தப் பய தூங்காம முழிச்சுக்கிட்டே கெடந்திருக்கான். எனக்குத் தெரியல. கண்ணு கரிச்சுது. எண்ணெய்ப் புகை.

மத்தபடி எனக்குக் கோவம் வரல. நெசமா வரல. ஊர்ல எத்தனை பொம்பளைகளப் பத்தி நானூறு பக்கம் எழுதியிருக்காங்க? நான் ஆம்பளையா, மந்திரவாதியா, மேகத்தை இழுக்கிறவனா இருக்கேன். நல்லாத்தான் இருந்துச்சு.

அப்பத்தான் ஆவுடையப்பன் சார் வந்து, இந்த மந்திரவாதி மேல ஒரு வழக்காடு மன்றம் வெக்கப் போறோம், மதுரையில இருந்து வரவேண்டிய நடுவருக்கு உடம்பு சரியில்ல, நீங்க நடுவரா இருக்கணும்னு கேட்டாரு. பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவரு திருநெல்வேலிப் பக்கம் இருந்து பின்னால குடி வந்தவரு. நான் சரின்னுட்டேன்.

குணசீலன் மதுரையில இருந்து போன் பண்ணினான். ‘பெரியக்கா, நீங்க நடுவரா இருக்க வேண்டாம்’ன்னான்.

‘என்னைப் பத்தி நீ எழுதலாம், அதைப் பத்தி நான் பேசக் கூடாதா?’ன்னு கேட்டேன்.

அதுக்கு அவன் சொன்னான், ‘சின்னக்காவையாவது கூட்டிட்டு வராதீங்க.’

அவன் அதைச் சொல்லாம இருந்திருந்தா நான் அவளைக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேன். சொன்னதாலதான் கூட்டிட்டுப் போனேன். அவ அந்தப் புத்தகத்தைப் படிச்சதில்ல. அவளுக்கு எங்க நேரம்? தம்பியும் அவளுக்குக் குடுக்கல, அவனுக்கு பயம். ஊரு முழுக்கக் கூடி, கொண்டலான் செஞ்சது சரிதான்னு சொல்றதை அவ காதால கேக்கட்டும்னு இருந்துச்சு. புதுச் சேலை எடுத்துக் குடுத்து, முன் வரிசையில நடுவுல உக்கார வெச்சேன். நான் மேடையில, எனக்கு நேர் எதுக்க அவ.

கல்யாண மண்டபத்துல நல்ல கூட்டம். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருத்தருக்கு தாடி ஒட்டி, கறுப்புத் துப்பட்டி போத்திக் கூண்டுல நிக்க வெச்சிருந்தாங்க. அவருக்கு வேர்த்து தாடி பிஞ்சு பிஞ்சு விழுந்துது. சனங்க சிரிச்சாங்க. மந்திரவாதிக்காகப் பேச ஆவுடையப்பன் சார். எதுத்துப் பேச மதிவதனின்னு ஒரு வக்கீல் பொண்ணு, கோவில்பட்டியில இருந்து வந்திருந்தா. உன் வயசுதான் இருக்கும். உன்ன மாதிரித்தான் கண்ணாடி போட்டிருந்தா.

ஆவுடையப்பன் சார் நல்லாப் பேசினாரு. அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவன், பகைவன் கையில விடாதவன், ஊருக்கே மழை குடுத்தவன், ஒரு துளி ரத்தம் சிந்தாதவன்னாரு. கை தட்டுனாங்க. ராஜகனியும் தட்டினா. அவளுக்கு ஏதோ ராஜா கதைன்னு நெனப்பு.

பெறகு அந்த வக்கீல் பொண்ணு எந்திரிச்சா. கதைய முதல்ல இருந்து சொன்னா. தும்பை எப்படி அடுப்படியில வளந்தா, எப்படி வெளியூர்க்காரன் வந்தான், எப்படிக் கோட்டையை விட்டுப் போயி அவளே நம்பித் திரும்பி வந்தா, எப்படி மழை நிக்கட்டும் மழை நிக்கட்டும்னு சொல்லி வெச்சாங்கன்னு ஒவ்வொண்ணாச் சொன்னா. நான் ராஜகனி மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். முதல்ல சிரிச்ச மொகமா இருந்தா. பெறகு சிரிப்பு நின்னுது. பெறகு சேலைத் தலைப்பை எடுத்து வாயில வெச்சுக்கிட்டா. புரிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. புரியட்டும்னுதான் இருந்தேன்.

அந்த வக்கீல் சொன்னா, ‘ஊருக்கு மழை குடுத்தான், சரி. அந்தப் பொண்ணு மழையா கேட்டா? வழி கேட்டா.’ அதுக்கும் கை தட்டுனாங்க. நம்ம சனங்க எதுக்கும் தட்டும்.

அதோட விட்டிருந்தா நானும் பேசாம நாலு வார்த்தை சொல்லித் தீர்ப்பை முடிச்சிருப்பேன். அவ விடல. ‘கோட்டைக்கு வெளிய நின்ன அந்த ஆளு என்ன ஆனான்? புத்தகத்துல இல்ல. எழுத்தாளருக்கே தெரியல. நான் சொல்றேன், கொண்டலான் அவனைக் கொன்னிருப்பான்’ன்னா.

கொலைகாரின்னு ஒருத்தி என் மூஞ்சிக்கு நேரா சொல்றா. கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா? நீயா இருந்தா இருப்பியா?

என் முறை வந்ததும் மைக்கைப் பிடிச்சேன். எழுதி வெச்சிருந்தது ஒண்ணும் பேசல. ‘கொல்லல’ன்னேன். ‘கொண்டலான் யாரையும் கொல்லல. அந்த ஆளு வந்தான். ரெண்டு மூணு தடவை வந்தான். கொண்டலான் அவனைத் தெருவுல நிக்க வெக்கல, நெழல்ல பெஞ்சு போட்டு உக்கார வெச்சான். மோர் குடுத்தான். தும்பைக்குக் கல்யாணம் ஆகிருச்சு, பம்பாய்ல இருக்கா, மாசமா இருக்கான்னு தன்மையாச் சொன்னான். அவன் தலையில கட்டுன துண்டை அவுத்து மொகத்தப் பொத்திக்கிட்டு அழுதான். அழுதவன் கையைப் பிடிச்சு பஸ் ஏத்தி விட்டான். அவன் கொண்டாந்த பனங்கற்கண்டைக்கூட கொண்டலான் குப்பையில போடல. அந்தப் பிள்ளைக்கு இருமல் வந்தப்ப, பால்ல போட்டு அதுக்கே குடுத்தான். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?’

பம்பாய்னு நான் சொன்னப்ப பின்னால கொஞ்சம் பேர் சிரிச்சாங்க. மந்திரவாதி கதையில பம்பாய் எப்படி வந்துச்சுன்னு. கற்கண்டுகிட்ட வந்தப்ப யாரும் சிரிக்கல.

ஆவுடையப்பன் சார் மெதுவா, ‘அம்மா, இது புத்தகத்துல இல்லீங்களே’ன்னாரு.

‘இல்லாட்டி என்ன, அவன் அப்படித்தான் செஞ்சிருப்பான்’னேன். சமாளிச்சிட்டேன். யாருக்கும் ஒண்ணும் புரிஞ்சிருக்காது. அந்த வக்கீல் மட்டும் கண்ணாடியக் கழட்டிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தா.

ராஜகனி எந்திரிச்சு நின்னா.

அவ கூட்டத்துல பேசுற ஆளே இல்ல. கடையில யாராவது வெலை கேட்டாக்கூட என்னைக் கையக் காட்டுவா. எந்திரிச்சு நின்னு, ‘எப்பக்கா வந்தாரு?’ன்னு கேட்டா.

நான், உக்காரு, கூட்டம் நடக்குதுல்லன்னேன்.

‘அவரு எப்ப வந்தாருக்கா?’

அதேதான். வேற ஒண்ணும் கேக்கல. சண்டை போட்டிருந்தா, கத்தியிருந்தா, ரெண்டு அறை விட்டு உக்கார வெச்சிருப்பேன். அவ கேட்டது ஏதோ பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கிற மாதிரி இருந்துச்சு. மேசை மேல நடுவர் அடிக்கிற மணி இருந்துது. அதை அடிச்சேன். அடிச்சு, ‘கொண்டலான் நிரபராதி’ன்னு தீர்ப்பைச் சொல்லி முடிச்சேன். எங்க கடையில பொட்டணம் கட்டுற ஆளு மட்டும் கை தட்டினான். ரெண்டு தட்டுத் தட்டிட்டு அவனும் நிறுத்திட்டான்.

குணசீலன் கடைசி வரிசையில இருந்திருக்கான். எனக்குத் தெரியாது. நடந்து முன்னால வந்து, அவ கையப் பிடிச்சான். மேடையை ஏறிட்டுக்கூடப் பாக்கல ரெண்டு பேரும். அவ செருப்பு அங்கதான் கெடந்துது, போட்டுக்காமலே போனா. நான் செருப்பைப் பாத்துட்டு, எங்கயும் போகமாட்டா, வந்துருவான்னுதான் இருந்தேன். அன்னைக்கு அவளுக்கும் சேர்த்துத்தான் உலை வெச்சேன்.

வரல.

மதுரையில தம்பி வீட்டுல இருக்கான்னாங்க. பெறகு அங்கயும் இல்லன்னாங்க. ஆவுடையப்பன் சார் இப்ப என் கடைக்கு வர்றதில்ல, ஆனா வழியில மடக்கிக் கேட்டா பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. வேம்பாருக்குப் போயிருக்கா. அந்த ஆளைத் தேடி. அவன் நான் சொன்ன பம்பாய்க் கதையை நம்பிப் பல வருஷம் அப்படியே கெடந்துட்டு, பெறகு யாரையோ கட்டியிருக்கான். அந்தப் பொம்பளை செத்துப்போச்சு. பிள்ளைகள் கட்டிக் குடுத்துப் போயாச்சு. சர்க்கரை வந்து ஒரு காலை எடுத்துட்டாங்க. இவ என்ன செஞ்சிருக்கா, பாக்கப் போனவ அங்கயே இருந்துட்டா. கோயில்ல வெச்சு மோதிரம் மாத்திக்கிட்டாங்களாம். ஒத்தக்கால் கெழவனுக்கும் நரைச்ச பொம்பளைக்கும் கல்யாணம். பாத்தவங்க அழுதாங்களாம். சிரிச்சிருக்கணும்.

அதையும் நான் பொறுத்துப்பேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க பந்தல் போட்டு சேவு போடுறாளாம். என் கடைச் சேவை. எங்க அப்பா ஆரம்பிச்ச சேவை. வேம்பார்ச் சேவுன்னு பேரு வேற. என் கடையில ரெண்டு ஆளை வெச்சுப் பாத்துட்டேன், வாயில வெக்க முடியல. பழைய வாடிக்கையெல்லாம் வந்து ஒரு துண்டு எடுத்துக் கடிச்சிட்டு, என் மூஞ்சியப் பாத்துட்டுப் போயிருது. வீட்டுல ராத்திரி எந்திரிச்சா தொட்டுப் பாக்க ஒரு காலும் இல்ல.

அதனால கூட்டிட்டு வரத்தான் போறேன். எப்படியா? அதான் யோசிச்சு யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். வான்னு கூப்பிட்டா வருவாளா? கால்ல விழுந்தாலும் வரமாட்டா. ஆனா குணசீலன் செத்துப்போனான்னு சொன்னா வருவாள்ல? போட்டது போட்டபடி வருவா.

என்னம்மா அப்படிப் பாக்கிற? அவன் நல்லாத்தான் இருக்கான். இந்தப் புத்தகத்துக்கு வடக்க எங்கயோ ஏதோ பாராட்டாம், ரயில்ல போறான். சார்தான் சொன்னாரு. நாளை மறுநாள் வரைக்கும் ரயில்தான், போன் கெடைக்காதாம். அதனாலதான் இன்னைக்கே கெளம்பினேன். உயிரோட இருக்கிறவனைச் செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கூடும்னுதான் சொல்லுவாங்க. அவனுக்கு நல்லதுதான்.

வீட்டுக்குள்ள வந்த பெறகு தெரிஞ்சா தெரியட்டும். வந்துட்டா போதும், மத்ததை நான் பாத்துக்குவேன். அவ போனை முதல்ல வாங்கி வெச்சுக்கணும். அந்த ஆளால பின்னாலயே வர முடியாது, காலு இல்லல்ல. மொகம் பாக்கணும்னு கேட்டா மதுரையிலயே எரிச்சிட்டாங்கன்னு சொல்லுவேன், அவ அழுதா நான் அவளைத் தேத்துவேன். எனக்குத்தான் அவளைத் தேத்தத் தெரியும். அவளை எனக்கு அத்தனை தெரியும்.

புத்தகத்தை ஏன் மூடிட்ட? படி. நீ எறங்கிப் போயி அவகிட்ட ஏதாவது சொல்லலாம்னு நெனைக்காத. என் மொகத்தையும் உன் மொகத்தையும் பாத்தா அவ யாரை நம்புவா? நான் அவளைத் தூக்கி வளத்தவ. நீ யாரு, கதைப் புத்தகம் படிக்கிற பிள்ளை.

உப்புக்காத்து வந்துருச்சு. கோயில் கோபுரம் தெரியுது பாரு. இரு, தோட்டைக் கழட்டிக்கிறேன். தலையக் கொஞ்சம் கலைச்சு விட்டுக்கணும். சேலை போதும், நேத்துக் கட்டுனதைத்தான் கட்டிட்டு வந்திருக்கேன். இப்ப என்னைப் பாத்தா துட்டிச் சேதி சொல்ல வந்தவ மாதிரி இருக்கா? பேசமாட்டியா? சரி.

அந்தா, நீலப் பந்தல். அடுப்புக்கிட்ட குனிஞ்சு நிக்கிறா. இளைச்சிருக்கா. அந்த ஆளு பக்கத்துல நாற்காலியில உக்காந்து பொட்டணம் மடிக்கிறான். அவ ஏதோ சொல்றா, அவன் சிரிக்கிறான்.

வண்டி நிக்கப் போகுது. இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கம்மா, கீழ எறங்கினதும் குடு. கை ரெண்டும் சும்மா இருந்தாத்தான் மார்ல அடிச்சுக்க முடியும்.